பால்புட்டிக்குத் தடை, பாட்டாளியின் தண்ணீர்க் கேனுக்கு அனுமதியா?

மேலூர் வட்டாரத்தில் நாற்று நடும் பெண்களும், மதுரைச் சுற்றுப்புறப் பஞ்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளர்களும் இன்று எதில் குடிக்கிறார்கள்? எதில் உண்கிறார்கள்? கொதிக்கக் கொதிக்க டீயைப் பாலிதீன் பையில் ஊற்றி, ரப்பர் பாண்டு போட்டு, வரப்புக்குக் கொண்டுவருகிறார்கள். சாம்பாரும் குழம்பும் அப்படியே வருகின்றன. டீக்கடையில் காகிதக் கப். வேலைத் தலத்தில், லாரியில் வெயில் காய்ந்து வந்த 20 லிட்டர் கேன். பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவி அதில் குடிதண்ணீர் எடுத்துப்போகும் கொடுமையும் நடக்கிறது.

"பழகிவிட்டது, என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்கிறார்கள். என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம்.

தெரிந்தே செய்த காரியம்

கண்ணாடிபோல் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்குக்குப் பாலிகார்பனேட் என்று பெயர். அது பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனத்திலிருந்து தயாராகிறது. தண்ணீர்க் கேன்களில் ஒரு பகுதி இந்தப் பிளாஸ்டிக்தான். அதிலிருந்து பிஸ்பினால் சிறிது சிறிதாகத் தண்ணீரில் கசிகிறது. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறுகிறது.

1936-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ் ஓர் உண்மையைக் கண்டார். பெண்களின் உடலில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப்போல் இந்த ரசாயனமும் வேலை செய்கிறது என்பதே அது. அதற்குப் பிறகுதான், 1950-களில், இதே ரசாயனத்தைக் கொண்டு பாலிகார்பனேட் செய்து சந்தைக்கு அனுப்பினார்கள். தெரியாமல் நடந்த பிழையா இது? இல்லை! லாபம் முன்னே போயிற்று. மனித உடல் பின்னே தள்ளப்பட்டது.

2015-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குழந்தைகளின் பால்புட்டியில் பிஸ்பினால் கூடாது என்றது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் நாம் கேட்கிறோம்: பால்புட்டியில் விஷமானது தண்ணீர்க் கேனில் அமுதமாகிவிடுமா? வயிற்றுப் பிள்ளையோடு களையெடுக்கும் தாய் குடிக்கிற தண்ணீர் அந்தப் பிள்ளைக்கும் போகாதா?

ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், ஒரு மனிதன் அன்றாடம் தாங்கக்கூடிய பிஸ்பினால் அளவை முன்பு சொன்னதைவிட 20,000 மடங்கு குறைத்தது. நோய் எதிர்ப்புச் சக்தியை அது கெடுப்பதாகக் கண்டதே காரணம். 2024 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன் உணவு, பானம் தொடும் பொருள்களில் பிஸ்பினால்-ஏயைத் தடை செய்தது. ஐரோப்பியனின் உடல் சதை, நம் உடல் மட்டும் இரும்பா?

காகிதக் கப்பின் மறுபக்கம்

காகிதக் கப் காகிதம்தானே என்று நினைத்துக் குடிக்கிறோம். காகிதம் டீயைத் தாங்காது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் தாங்குகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி பானம் 15 நிமிடம் கப்பில் இருந்தால், சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன. ஒரு நாளைக்கு மூன்று டீ என்றால் 75,000 துகள்கள்!

ஒரு கப் டீயில் ஒருவன் சுருண்டு விழமாட்டான். அதனால்தான் இது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. தினமும், ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாகச் சேருவதுதான் இதன் ஆபத்து.

குற்றவாளி யார்?

தமிழ்நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மோகோல் தட்டு முதலானவற்றைத் தடை செய்தது. தடை காகிதத்தில் இருக்கிறது; கப் கடையில் இருக்கிறது! சோதனை வந்தால் அகப்படுவது யார்? பத்துக் கப் வைத்திருக்கும் டீக்கடைக்காரர். லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளும் ஆலைக்காரன் எங்கே?

டீக்கடைக்காரர் நமக்கு எதிரி அல்ல. கிளாஸ் கழுவத் தண்ணீர் வேண்டும், ஓர் ஆள் வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல் அவர் கப்புக்குப் போகிறார். வேலைத் தலத்தில் நல்ல தண்ணீர் இல்லாததால் தொழிலாளி கேனுக்குப் போகிறான். இதை "மக்களின் சோம்பல்" என்று பழிப்பவர்கள் ஒரு நாள் வயலில் குனிந்து பார்க்கட்டும்!

நமது கோரிக்கை

நாம் சலுகை கேட்கவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிதண்ணீர் தரவேண்டும் என்று 1948-இலேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. வேலைத் தலத்தில் குடிதண்ணீரும் நிழலும் வேண்டும் என்று 2005-இல் வேலை உறுதிச் சட்டம் எழுதியது. சட்டங்களின் பெயர் மாறலாம். உழைப்பவனின் தாகம் மாறாது.

ஆகவே கேட்கிறோம்:

ஆலைதோறும் எவர்சில்வர் தொட்டியில் சுத்தமான குடிதண்ணீர் வேண்டும். கேன்டீனில் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளர் வேண்டும்.

வயலிலும் வேலைத் தலத்திலும் நிழலில் மண்பானைத் தண்ணீர் வைப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பாக வேண்டும்.

பால்புட்டிக்கு விதித்த தடை உணவும் தண்ணீரும் தொடும் எல்லாப் பாத்திரங்களுக்கும் வரவேண்டும்.

தடை செய்த பொருளைக் கடையில் அல்ல, செய்கிற இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

சர்க்கார் அசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நடவுக் கூட்டத்துக்கு ஒரு தூக்குவாளி, ஆளுக்கு ஒரு டம்ளர். டீ அதில் வரட்டும். குழம்புக்கு வீட்டுப் பாத்திரம் கொண்டுபோவோம். பூச்சிமருந்து டப்பாவில் குடிதண்ணீர் ஒரு நாளும் வேண்டாம். ஆலையில் சங்கத்தின் அடுத்த கோரிக்கை மனுவில் கூலிக்கும் போனசுக்கும் பக்கத்திலேயே குடிதண்ணீரையும் எழுதுவோம்.

உழைக்கிற கைக்குக் கூலி மட்டும் போதாது. உழைக்கிற உடலுக்கு விஷமில்லாத தண்ணீரும் வேண்டும். கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம், வாங்கும்வரை கேட்போம்!