நீரிழிவுற்ற குழந்தையும் பெற்றோர் கடமையும்

நீரிழிவு முதியோரைப் பற்றும் நோயென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். குழந்தைகளையும் அது பற்றுவதுண்டு. முதல் வகை நீரிழிவெனப்படும் அந்நோயில், உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே மாறுபட்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகின்றது. இஃது இனிப்புண்டதனால் வந்ததன்று, வளர்ப்பின் குறையுமன்று.

1922-ஆம் ஆண்டுக்கு முன்னர், உணவைக் குறைத்துச் சிறிது காலம் உயிரை நீட்டுவதன்றி மருத்துவர்க்கு வேறு வழியிருந்ததில்லை. அவ்வாண்டு ஜனவரி மாதத்தில், கனடா தேசத்து டொராண்டோ நகரில், லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தினர். முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. மருந்தைத் தூய்மைப்படுத்திச் சில நாட்கள் கழித்து மீண்டும் செலுத்திய பின்னரே சர்க்கரை தணிந்தது. ஆகவே, பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுதல் இச்சிகிச்சைக்குப் பிறவிக் குணமென்னலாம்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. இன்சுலின் அளவை மாற்றவேண்டி வந்தால், நோய் முற்றிவிட்டதென்று பெற்றோர் கலங்குகின்றனர். குழந்தை வளர வளரச் சட்டையின் அளவு மாறுவதைக் கண்டு எந்தத் தாயும் அழுவதில்லையே! பருவமெய்துங் காலத்தில் இன்சுலினின் தேவை மிகும். ஓடியாடிய நாளில் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும்.

ஆயின், மாற்றுதல் வேறு, நிறுத்துதல் வேறு. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் தேவை குறைவதுண்டு. அது நோய் நீங்கியதற்கு அறிகுறியன்று. காய்ச்சலில் குழந்தை உண்ணவில்லையேயென்று ஊசியை அடியோடு நிறுத்துவதும் பெருந்தவறாம். இன்சுலினில்லாத உடலில் கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கே இறுதி தேடும். கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரைக் கலந்தே துணிக.

மற்றொன்று. கருவி காட்டும் எண், குழந்தையின் நடத்தைக்கு இடும் மதிப்பெண்ணன்று. சர்க்கரை 250 எனக் கண்டவுடன், "என்ன தின்றாய்?" என்று சினந்தால், மறுநாள் குழந்தை பொய்யெண்ணை எழுதிவைக்கும். பொய்க் கணக்கைக் கொண்டு மெய்யான மருந்தளவை எங்ஙனம் வகுப்பது? சினம் ஒருவேளை அடங்கிவிடும். மறைக்கும் வழக்கமோ எளிதில் மாறாது. "எண் ஏறியிருக்கின்றது, இருவரும் காரணம் பார்ப்போம்" என்னுஞ் சொல்லே குழந்தைக்குக் கல்வியுமாகும். இவ்வாறு பழகிய பிள்ளையே பின்னாளில் கல்லூரி விடுதியில் தனித்து வாழுங்கால் தன் அளவைத் தானே கணித்துக்கொள்ளும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. சர்க்கரை 70-க்குக் கீழிறங்கி, மேனி வியர்த்துக் கை நடுங்கும் தோழன், பாடத்தின் நடுவேயும் சர்க்கரை உண்ண இடந்தருவோமாக. உணவுக்கு முன் ஊசி போட்டுக்கொள்பவன் மறைவிடந் தேடும் நிலையை நம் நடுவில் வையாதிருப்போமாக. வீட்டில் மெய் பேசக் கற்ற பிள்ளை, நம்மிடத்தும் அஞ்சாமல் மெய் பேசல் வேண்டும்.