பூப்போட்ட தாளும் பட்டுச்சேலையும்

பட்டமளிப்பு விழா நெருங்கிவிட்டால் பேரவை அறையில் ஒரு வேலை தொடங்கிவிடும். விடைபெறும் மூத்த மாணவர்களுக்காக இளையவர்கள் கூடி உட்கார்ந்து நினைவேடு செய்வார்கள். 'ஸ்க்ரேப்புக்' என்றால்தான் பலருக்குப் புரியும். 12 அங்குலச் சதுரத் தாள், நிழற்படங்கள், கத்தரிக்கோல், பசை. நல்ல பழக்கம். கைப்பேசியில் ஆயிரம் படங்கள் கிடந்தாலும், கையில் வைத்துப் புரட்ட ஒன்று வேண்டும் என்று நினைக்கிறார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

என் குறை வேறு. இந்த ஏடுகளில் பாதி, பின்னணித் தாளுக்கே சொந்தமாகிவிடுகின்றன. பூப்போட்ட தாள், கட்டம் போட்ட தாள், மினுக்குத் தூள் தூவிய தாள், பாத்தேக் அச்சிட்ட தாள் எல்லாம் கடையில் தனியாகப் பார்க்க அழகுதான். அதன்மேல் படத்தை ஒட்டியதும் கண் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறுகிறது.

இந்தப் பொழுதுபோக்கின் இன்றைய வடிவம் 1980களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேரூன்றி வளர்ந்தது. வெற்று நிறச் சட்டை போட்ட ஒரு குழந்தை புல்வெளியில் நிற்கும் படத்துக்குப் பின்னால் பூத்தாள் வைத்தால் எடுபடும். நம் படங்கள் அப்படியா? தீபாவளி விருந்து, பொங்கல் விழா, கலை இரவு என்று எதை எடுத்தாலும் சரிகைக் கரை, புட்டா போட்ட சேலை, மாவிலைத் தோரணம், வண்ணக் கோலம். படமே ஒரு பூத்தாள்! அதன் பின்னால் இன்னொரு பூத்தாளை வைத்தால் நடுவில் இருக்கும் முகம் காணாமல் போகிறது.

"வெற்றுத் தாள் என்றால் களையே இருக்காதே" என்று சிலர் சொல்வார்கள். கோலம் போடுகிறவர்களைக் கேளுங்கள். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்த வெறுந்தரையில்தான் கோலம் எடுப்பாகத் தெரியும். பூ வேலைப்பாடுள்ள மொசைக் தரையில் அரிசி மாவைக் கொட்டி யாராவது கோலம் போடுவார்களா?

பூத்தாளே கூடாது என்பதல்ல என் வாதம். ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி ஓரத்தில் ஒட்டுங்கள். சேலைக்குக் கரைபோல அது பக்கத்தைத் தூக்கிக் காட்டும். தாளின் நிறத்தைப் படத்துக்குள்ளிருந்தே எடுங்கள். முழுப் பக்கமும் பூத்தாள்தான் வேண்டுமென்றால், படத்துக்கும் தாளுக்கும் இடையே வெற்று அட்டையில் கால் அங்குலச் சட்டம் வையுங்கள். ஒட்டுவதற்கு முன் எட்டி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் முகம் தெரிந்தால் பசையை எடுக்கலாம். காசு செலவழிக்கவும் வேண்டாம், தீபாவளிக்கு வந்த அங்பாவ் உறைகளே அருமையான பட்டைகள்.

எனக்குப் பெரிய வருத்தம் எழுத்தைப் பற்றியது. புள்ளி போட்ட தாளில் தமிழ் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? மெய்யெழுத்தின் புள்ளி எது, தாளின் புள்ளி எது என்று தேட வேண்டியிருக்கும். எழுத இடமில்லாததால், கடையில் விற்கும் ஆங்கில ஒட்டுவில்லையை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். தமிழ்ப் பேரவையின் நினைவேட்டில் ஒரு வரி தமிழ் இல்லை! யார் யார் நிற்கிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதும் இல்லை.

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் எடுத்துக்கொண்ட படங்கள் பல வீடுகளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. கோயில் திருவிழாவிலோ லயத்து வாசலிலோ வரிசையாக நிற்பார்கள். பின்புறம் திருப்பினால் வெறுமை. பெயர் சொல்லக்கூடியவர்களும் போய்விட்டார்கள், தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அந்தத் தலைமுறைக்குப் பேனா பிடிக்க வாய்ப்புக் குறைவு. பட்டம் வாங்கும் நமக்கு என்ன தடை?

ஆகவே பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வெற்றாக விடுங்கள். பெயர்களை இடமிருந்து வலமாக, தமிழில், கையால் எழுதுங்கள். அமிலமற்ற தாள் என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுத் தாளிலுள்ள அமிலம் படத்தையும் கெடுக்கும், நம் ஊர்ப் புழுக்கம் அதை இன்னும் விரைவாக்கும். படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால் பந்துமுனைப் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுதினால் போதும்.