போன் ஹாலில் தூங்கட்டும்!



‘செல்போன்ல ரொம்ப நேரம் பேசினா மூளையில கட்டி வருமாமே, நிஜமா?’

நம் வாசகிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வாட்ஸ்அப்பில் வரும் தகவல்களைப் படித்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, செல்போன் கதிர்வீச்சைப் ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. இந்தப் பயத்துக்கு வலு சேர்த்தது அதுதான். ஆனால், கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சந்தேகம் உண்டு, போதிய ஆதாரம் இல்லை என்கிற நிலை அது.

அதன்பிறகு அறிவியல் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளை அலசிய நிபுணர்கள், 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து வருடங்களுக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை என்பதே அது. எக்ஸ்ரே கதிரைப் போல மரபணுவை உடைக்கும் சக்தி செல்போன் அலைகளுக்குக் கிடையாது.

அதனால் பதற வேண்டாம். அதற்காக, அஜாக்கிரதையாகவும் இருக்க வேண்டாமே! நம் நாட்டில் விற்கும் போன்களின் ‘எஸ்ஏஆர்’ அளவு, அதாவது நம் உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு, கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான போன்கள் தங்கள் அளவைக் காட்டிவிடும். லிஃப்ட்டிலும் ஓடும் ரயிலிலும் சிக்னல் குறையும்போது, டவரை எட்டிப்பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவிடும். அங்கே நீண்ட அரட்டை எதற்கு? வீட்டில் இருக்கும்போது ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசினால், தலைக்கும் போனுக்கும் இடைவெளி கிடைக்கும்.

எனக்குக் கவலை வேறொன்றில். கதிர்வீச்சுக்குப் பயப்படும் நாம், அதே போனிடம் தூக்கத்தைப் பறிகொடுப்பதைக் கண்டுகொள்வதே இல்லை. பகலில் படித்ததை மூளை பதியவைத்துக்கொள்வது தூக்கத்தில்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தலையணைக்கு அடியில் நள்ளிரவிலும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தால், அந்த மூளை எப்போது ஓய்வெடுக்கும்? ‘ஒரே ஒரு ரீல்ஸ்’ என்று படுக்கையில் போனைத் திறக்கும் நாம் மட்டும் எத்தனை மணிக்குக் கண்ணை மூடுகிறோம்?

குட்டிப் பிள்ளைகளுக்கோ, போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. இரண்டு வயதுக்கு முன் ஸ்கிரீன் வேண்டாம், நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-லேயே அறிவுறுத்திவிட்டது உலக சுகாதார நிறுவனம்.

இன்றிரவே ஒரு மாற்றம் செய்வோமா? சார்ஜரை படுக்கையறையில் இருந்து ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் போதும். பத்து மணி ஆனதும் வீட்டில் இருக்கும் எல்லா போன்களும் அங்கே போகட்டும். பிள்ளைகளுடையதைக் கேட்கும் முன், உங்களுடையதை முதலில் வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து, வீட்டில் எல்லோரும் எப்படித் தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்