‘செமயா இளைச்சுட்ட!’

உண்ணுதல் கோளாறு என்று பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக வரும். ‘சோத்துக்கே வழியில்லாதவங்க இருக்கிற ஊர்ல, சோறு இருந்தும் சாப்பிடாம கிடக்கிறது ஒரு வியாதியா? கொழுப்பு.’ கேட்க ஏதோ சமூக அக்கறை மாதிரி இருக்கும். உண்மையில் இப்படிப் பேசுகிறவருக்குப் பட்டினியைப் பற்றியே ஒன்றும் தெரியாது.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்துடன் ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். யாருக்கும் ஒல்லியாகும் ஆசை கிடையாது. ஆனாலும் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்கள் சேர்ப்பது, ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் அளைந்துகொண்டிருப்பது, எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது என்று ஆகிப்போனார்கள். பட்டினி மனதையே மாற்றிவிடும். டயட்டைத் தொடங்கியது வேண்டுமானால் அவள் முடிவாக இருக்கலாம். ஒரு கட்டத்துக்கு மேல் அது அவள் கையில் இல்லை. அவளிடம் போய் ‘மனசு வெச்சா சாப்பிடலாம்’ என்பது, காய்ச்சல்காரரிடம் மனசு வைத்துச் சூட்டைக் குறைக்கச் சொல்வதுதான்.

இதில் கொடுமை, இந்த நோய்க்கு நாம் கைதட்டுகிறோம். ‘செமயா இளைச்சுட்ட! என்ன டயட்?’ மனநோய்களில் அதிகம் உயிர் பறிப்பவற்றுள் ஒன்று அனோரெக்சியா. அது முற்றும்வரை கல்யாண வீட்டில் பாராட்டு, இன்ஸ்டாவில் ஹார்ட். பருமனான உடம்பென்றால் காமெடிக்கு என்று நேர்ந்துவிட்ட சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் தப்பே தெரிவதில்லை.

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்பது அடுத்த அறியாமை. 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் பெயரிட்ட புலிமியா உள்ளவர்களில் பலர் பார்க்கச் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். ஆண்களுக்கும் வரும், ‘ஜிம் பாடி’ என்று அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவோம். அதனால் எடையை விடுங்கள், நடத்தையைக் கவனியுங்கள். வீட்டில் ‘ஹாஸ்டல்ல சாப்ட்டேன்’, ஹாஸ்டலில் ‘வீட்ல சாப்ட்டேன்’. திடீரென்று வாரத்தில் நாலு நாள் விரதம். எல்லாருக்கும் ஆசையாகச் சமைத்துப்போட்டுவிட்டுத் தான் மட்டும் தொடாமல் இருப்பது. சாப்பிட்டவுடன் தவறாமல் பாத்ரூம். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அளவில்லாமல் சாப்பிடுவது. மாதவிடாய் நின்றுபோவது, சித்திரை வெயிலிலும் குளிர்வது. ஏதோ ஒன்றை வைத்து முடிவுகட்ட வேண்டாம். பலதும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், சும்மா இருக்காதீர்கள்.

உடனே பிரியாணி வாங்கிவந்து ஊட்டவும் வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் தாது உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நண்பர் செய்ய வேண்டியது பேசுவது. சாப்பாட்டு மேசையில் வேண்டாம், நாலு பேர் முன்னாலும் வேண்டாம். ‘கொஞ்ச நாளா நீ எங்களோட உக்காந்து சாப்பிடறதே இல்ல. எனக்குக் கவலையா இருக்குடி. டாக்டர்கிட்ட போறதுன்னா நானும் வரேன்.’ இவ்வளவு போதும். எடை, உடம்பு, கலோரி எதுவும் இதில் வரக்கூடாது. முதல் தடவை கோபப்படுவாள், ‘உனக்கென்ன’ என்பாள். விட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். நடுவில் சினிமாவுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாட்டைத் தவிர அவளிடம் பேச ஆயிரம் இருக்கிறது.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்ற சத்தியமெல்லாம் செல்லாது. நேராக மருத்துவமனை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையென்றால் அரசின் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

‘சாப்ட்டியா’ என்று கேட்பது நம் பண்பாடு என்று பெருமை பீற்றிக்கொள்கிறோம். ‘ம்’ என்று பதில் வந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ‘ம்’முக்குப் பிறகு ஒரு நிமிஷம் நின்றால்தான் அது கேள்வி.