நுரை வராத சோப்பு

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்துள்ளார். வீட்டுச் செலவைச் சுருக்கும் நோக்கத்துடன், சொந்தக் காட்டில் விளைந்த நிலக்கடலையைச் செக்கிலிட்டு ஆட்டிய எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்துக் குளியல் சோப்பு செய்திருக்கிறார். சோப்பு நன்றாகவே இறுகியது. ஆயின் நுரை வரவில்லை. அதில் நான்கு கட்டிகளைக் கோவையில், சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் குடியிருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்ப, அங்கே அது பாலேடு போல் நுரைத்ததாம். "சுவாமி, ஒரே சட்டியில் பிறந்த சோப்பு மகள் வீட்டில் நுரைக்கிறது, என் வீட்டில் நுரைக்க மறுக்கிறது. இதற்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

மடலின் கடைசி வரியில் வேறொரு செய்தியும் இருக்கிறது. காஸ்டிக் சோடாவைக் கூட்டிப் போட்டால் நுரை வரும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, இரண்டாம் முறை அப்படியே செய்தாராம். நுரை கூடவில்லை, பேரக் குழந்தையின் கை சிவந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். சகோதரி இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டார். நமக்கோ மடல் முழுவதிலும் இந்த ஒரு வரியே பெரிதாகத் தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

எண்ணெயும் காரமும் கூடி, இரண்டும் தம் தன்மை இழந்து, சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. 1823-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை விளக்கிக் காட்டியவர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு வேதியியலார். ஒவ்வோர் எண்ணெய்க்கும் இன்ன அளவு காரம்தான் வேண்டும் என்பது இயற்கை வகுத்த கணக்கு. 1000 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாவதற்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு கடலை எண்ணெய்க்கு 136 கிராமும், விளக்கெண்ணெய்க்கு 128 கிராமும் போதும். இதற்கு மேல் போடுவது எதனுடனும் சேராமல் கட்டிக்குள்ளேயே தங்கி, குளிப்பவரின் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையைத் தேடித் தின்னும். காரத்துக்கு நுரை எழுப்பும் வேலை கிடையாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கணக்கில் வரும் அளவைவிட நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு குறைத்தே காரம் சேர்ப்பார்கள். சோப்பாகாமல் மிஞ்சும் சிறிதளவு எண்ணெய் தோலுக்குக் காவல். அந்த இரண்டாம் முறைச் சோப்பைச் சகோதரி யாருடைய மேனியிலும் போடவேண்டாம். கையுறை அணிந்து தரை கழுவப் பயன்படுத்தித் தீர்த்துவிடட்டும்.

இனி நுரை மகள் வீட்டில் வந்ததும் தாய் வீட்டில் வராததும் ஏன் எனப் பார்ப்போம். சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று கோவை மக்கள் பெருமை பேசுவது வழக்கம். முதலாவது எது, இரண்டையும் குடித்து அளந்தவர் யார் என்று நாம் கேட்டால் வருத்தப்படுவார்கள், கேட்கவேண்டாம். ஆனால் அது மலைக்காட்டில் பெய்த மழை, மண்ணின் உப்புகளை அதிகம் கரைத்துக்கொள்ளாமல் வந்து சேரும் மென்னீர் என்பது மெய். காங்கயத்து ஆழ்குழாய் நீரோ பாறையினூடே பன்னெடுங்காலம் ஊறிக் கிடந்து, சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் ஏந்தி வருவது. சோப்பு அந்நீரில் பட்டதும் முதலில் அவற்றோடு சேர்ந்து, கரையாத பிசுக்காகத் திரிந்துவிடுகிறது. வாளியின் விளிம்பில் வெள்ளை வளையமாகப் படிவதும், குளித்தபின் தலைமுடி சிக்குப் பிடிப்பதும் அதனாலேயே. நீரிலுள்ள சுண்ணாம்பு எல்லாம் தன் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு எஞ்சும் சோப்புக்குத்தான் நுரைக்கும் உரிமை. குறை சோப்பில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

இதை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் குழாய்க் கிணற்று நீரும் எடுத்து, ஒரே அளவு சோப்புச் சீவலை இட்டு, மூடிக் குலுக்கட்டும். ஒன்றில் நுரை கழுத்துவரை ஏறும். மற்றொன்று மோர் திரிந்தாற்போல் கலங்கி நிற்கும். தமிழகத்தில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்கவேண்டும் என்று 2003-இல் அரசு சட்டம் கொண்டுவந்தது. அன்று கட்டிய தொட்டிகளில் எத்தனை இன்று வேண்டாத சாமான் போடும் இடமாகிவிட்டன என்பது ஊரார்க்கே வெளிச்சம். அதில் ஒரு குடம் நீர் கிடந்தால் தலைக்கு ஊற்றும் கடைசி நீராகவேனும் உதவும்.

தண்ணீரை மாற்ற இயலாதவர்கள் எண்ணெயை மாற்றலாம். சோப்பின் குணம் முழுவதும் எண்ணெயின் குணமே. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம். அதிலிருந்து வரும் சோப்பு எளிதில் கரையும்; பெரிய பெரிய குமிழிகளைச் சடுதியில் எழுப்பும். கடலுப்பு நீரிலும் நுரைக்கக்கூடியது என்பதால் முற்காலத்தில் கப்பல்களில் அதையே எடுத்துச் சென்றனர். நம் பக்கத்து உப்புத் தண்ணீரிலும் பிற சோப்புகளைவிட அதுவே தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த நுரை வந்த வேகத்தில் அடங்கிவிடும். தனித் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு தோலை வறளவும் செய்யும். பாமாயிலில் உள்ள பால்மிட்டிக் அமிலம் கட்டிக்கு உறுதி தந்து, பாலாடை போன்ற நுண்ணிய, நிலைத்த நுரையை ஈகிறது. விளக்கெண்ணெய் எழுந்த நுரையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் சோப்பு பிசுபிசுக்கும். கடலை எண்ணெய் தோலுக்கு இதமானது, நுரையில் கஞ்சன். சகோதரியின் சோப்பு முழுவதும் கடலை எண்ணெய். அதனோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் நுரை எங்கிருந்து வரும்?

பொள்ளாச்சித் தென்னையும், காங்கயத்துக் கொப்பரைக் களங்களும், ஆமணக்கு ஆராய்ச்சிக்கென்றே சேலத்து ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் கொண்ட நாடு நம்முடையது. எண்ணெய்க்கு நாம் எங்கும் அலையவேண்டுவதில்லை.

எண்ணெயைச் சோப்பாக்கும் வேலையை அரசே கையிலெடுத்த காலமும் உண்டு. 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி, பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் மீன்துறையை வளர்த்தார். மலபார்க் கரையில் மத்தி மீன் எண்ணெய் மிகுதியாகக் கிடைப்பதைக் கண்டு, 1914-இல் அவர் தொடங்கிவைத்த சோப்பு முயற்சியே பின்னர்க் கோழிக்கோட்டில் கேரள சோப்பு நிலையமாக நிலைபெற்றது. மீன் எண்ணெய்ச் சோப்பை நம் விவசாயிகள் அறிவார்கள். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் இன்றும் அதைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். குளிப்பதற்கு அதை நாம் பரிந்துரைக்கவில்லை!

செய்முறைக்கு முன் எச்சரிக்கை. காஸ்டிக் சோடா திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாகப் புழங்குவதால் நம்மவர்க்கு அதனிடம் அச்சம் விட்டுப்போயிற்று. அது சதையைக் கரைக்கும்; கண்ணைக் குருடாக்கும். குழந்தைகள் பள்ளியிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் வேளையில், காற்றோட்டமான இடத்தில், ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து செய்யவேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரமே ஆகும். அலுமினியத்தை அது அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மேலே பட்டால் வினிகர், எலுமிச்சை என்று தேடாமல், ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையவேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; அதுவும் உடனே மருத்துவர் பார்க்கவேண்டியதே. மிஞ்சிய சோடாவைத் தண்ணீர்ப் பாட்டிலிலோ பழைய ஹார்லிக்ஸ் புட்டியிலோ வைப்பவரை நாம் மன்னிக்கமாட்டோம்.

அளவு இது: தேங்காய் எண்ணெய் 450 கிராம், பாமாயில் 450 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 146 கிராம், மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் 350 கிராம். டம்ளர்க் கணக்கு உதவாது. நீர் உட்பட யாவற்றையும் கிராம் காட்டும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். செக்குக் கடலை எண்ணெயைச் சேர்த்தே தீரவேண்டும் என்போர் பாமாயிலில் 200 கிராமைக் குறைத்து அதற்கு ஈடாகச் சேர்க்கலாம். சோடா அப்போது 145 கிராம். பாமாயிலைக் கடையில் வாங்குங்கள். ஏழை வீட்டுத் தாளிப்புக்கென்று ரேஷனில் தரும் எண்ணெயைச் சோப்புச் சட்டியில் ஊற்ற நமக்கு மனம் ஒப்பவில்லை. நம் பக்கத்தில் அஸ்கா எனப்படும் வெள்ளைச் சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி, சோடா இடுமுன் அந்நீரில் கரைத்துக்கொண்டால் நுரை இன்னும் கூடும்.

சோடா கரைந்ததும் நீர் தானாகவே கொதிநிலையை நெருங்கும். அதை ஆறவிட்டு, எண்ணெய்களைச் சற்றே சூடாக்கிக் கலந்து, இரண்டு பாத்திரங்களும் வெளிப்புறம் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது கார நீரை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிளறவேண்டும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். முழுதும் உருக்கியபின்பே நிறுக்கவேண்டும். மரக்கரண்டியால் கிளறினால் அரைமணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். பொறுமையிழந்து பாதியில் ஊற்றினால் எண்ணெய் மேலும் காரம் கீழுமாகப் பிரிந்துவிடும். கரண்டியைத் தூக்கி வடியவிட்டால் விழுந்த கோடு சற்று நேரம் மேலே அழியாமல் நிற்கும், அதுவே பதம். எண்ணெய்த்தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி மூடிவைத்து, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கையுறையுடனேயே எடுத்து வில்லைகளாக அறுக்கலாம். மஞ்சள்தூள் சேர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது எப்படியோ அப்படித்தான்; சோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டாம்.

அறுத்த வில்லைகளை மூங்கில் தட்டில் இடைவெளி விட்டு நிழலில் அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடவேண்டும். நீர் வற்ற வற்றக் கட்டி இறுகும், நுரையும் நயமாகும். புதுச் சோப்பை மறுநாளே தேய்த்துப் பார்த்துவிட்டு நுரையில்லை என்று குறைகூறுவோர் பலர்.

செலவைப் பொறுத்தவரை, எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கினால் இந்தச் சோப்பு கடையில் விற்கும் மலிவுச் சோப்பைவிட விலை குறைவாக அமையாது. சொந்தத் தோப்பும் களமும் உடையவர்க்கே மிச்சம். கடைச் சோப்பு வாங்குவோர் உறையில் டி.எஃப்.எம். என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கட்டும். அது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. 76 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். குளியல் கட்டி என்று மட்டும் எழுதியிருந்தால் கொழுப்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். நுரையை வைத்துத் தரத்தை முடிவு செய்யவேண்டாம். நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் எண்ணெயை எடுத்தது அரப்புத் தூள்; சோப்பளவு நுரையா அதில் வந்தது?

பங்குகளில் உள்ள மகளிர் குழுவினர் சிலர் இதையே தொழிலாகச் செய்யலாமா என்று கேட்பதுண்டு. தம் வீட்டுக்குச் செய்துகொள்ளத் தடையில்லை. விற்பதானால் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகவே கருதப்படுகிறது; 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் தயாரிப்பு உரிமம் பெற்றாகவேண்டும். ஆலய வாசலில் மேசை போட்டு விற்பதற்கும் அந்த விதியே. உரிமத்துக்கு எழுதிப்போடும் குழுவினர் முதலில் ஒரு நல்ல தராசு வாங்கட்டும். ஒவ்வொரு சட்டிக்கும் எந்த எண்ணெய் எத்தனை கிராம், சோடா எத்தனை கிராம், அறுத்த நாள் எது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கட்டும். யாரேனும் ஒரு தாய் குழந்தையின் கையைக் காட்டிக் கேட்டால், எடுத்துக் காட்ட அந்த நோட்டு வேண்டியிருக்கும்.