கவிழ்த்து வைத்த பரிசல்கள்



ஆடி பிறந்துவிட்டால், காலையில் நாளிதழைப் பிரித்ததும் தருமபுரிக்காரர்களின் கண் தேடிப் போகும் செய்தி ஒன்று உண்டு. பிலிகுண்டுலுவில் இன்றைக்குக் காவிரியின் நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி? அடுத்த வரியில் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவு இருக்கும். ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை, அல்லது தடை நீக்கம். வெளியூர்க்காரருக்கு அது பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் தகவல். ஊட்டமலையிலும் அதைச் சுற்றியும் வாழும் நானூறுக்கும் மேற்பட்ட பரிசல் ஓட்டிகளுக்கோ, அன்று வீட்டில் அடுப்பு எரியுமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஒகேனக்கல்லின் பகலைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். அருவி, எண்ணெய்க் குளியல், சுடச்சுட மீன் வறுவல், பாறைச் சுவர்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் போகும் பரிசல் சவாரி. இந்த மாதம் இரவைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். கடைசிச் சவாரி முடிந்து, கூட்டம் பேருந்து ஏறிப் போனபிறகு அந்தப் பரிசல்கள் என்ன ஆகின்றன? விடியும்வரை அவற்றுக்கு யார் காவல்?

பரிசலைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மெல்லிய பொருள் என்று தெரியும். மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, ஏழடி அகலத்துக்கு வட்டமாகப் பின்னுகிறார்கள். பழகிய கைகள் ஒரே நாளில் ஒன்றை முடித்துவிடும். முன்பு அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். இயந்திரம் கிடையாது, சுக்கான் கிடையாது. ஒரே ஒரு துடுப்பு. எட்டுப் பேரைச் சுமக்கக்கூடிய அந்தக் கலத்துக்கும் காவிரிக்கும் நடுவே இருப்பது ஒரு தாளும் ஒரு பூச்சும்தான்.

கொடைக்கானல் ஏரியையோ ஊட்டி ஏரியையோ நினைத்துப் பாருங்கள். கொடைக்கானலில் 1890 முதலே படகுக் குழாம் இருக்கிறது. படகுகளுக்கென்று துறை, சீட்டு கொடுக்கும் கூண்டு, மாலையில் சாத்தும் கதவு எல்லாம் உண்டு. ஏரி நீரும் இரவோடு இரவாகப் பத்தடி ஏறிவிடாது. ஒகேனக்கல் ஆற்றங்கரைக்கு அப்படிக் கதவு போட முடியாது. அது கோயிலுக்குப் போகிறவர்களும் குளிக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் ஈமக்கடன் கழிக்க வருகிறவர்களும் நடமாடும் கரை. பரிசல்காரர் தன் பிழைப்பை அந்தத் திறந்த வெளியில்தான் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்.

இரவில் அதற்கு என்ன தீங்கு வந்துவிடும் என்று கேட்கலாம். பரிசலைத் திருடிப்போய் விற்பது சுலபமில்லை. பார்த்ததும் இது இன்னாருடையது என்று துறையில் சொல்லிவிடுவார்கள். ஆகவே பயப்பட வேண்டியது திருடனுக்கு அல்ல, விளையாட்டுக்குச் செய்கிறவருக்கு. விடுதியில் தங்கியவர்கள் நள்ளிரவில் கூட்டமாக ஆற்றுக்கு இறங்குவார்கள். ஒருவர் கவிழ்ந்த பரிசல்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார். இன்னொருவர் அதைத் தண்ணீரில் தள்ளிப் பார்ப்பார். குடித்த பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பவரும் உண்டு. குளிருக்கு நெருப்பு மூட்டுகிறவருக்கு, பக்கத்தில் இருப்பது தாரும் பிளாஸ்டிக்கும் உலர்ந்த மூங்கிலும் என்ற நினைவே இருக்காது. அவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. அந்த வட்டமான பொருள் ஒருவருடைய சோறு என்பது இருட்டில் அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த விளையாட்டின் விலையை மறுநாள் காலையில் வேறொருவர் கொடுக்க நேரும். கவிழ்ந்த பரிசலில் ஒரு ஆள் ஏறி நின்றால், வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே ஒரு சிம்பு முறிந்திருக்கும். முறிந்த முனை தாளை மெல்ல மெல்லக் குத்தும். கண்ணாடித் துண்டு போட்ட கீறல் தார்ப்பூச்சின் கருப்பில் மறைந்துவிடும். காலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஏறும் குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்? நடு ஆற்றில் கால் நனையும்போதுதான் தெரியும். இரவுக் காவலைப் பரிசல்காரரின் சொந்தப் பொருள் விவகாரமாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது பயணிகளின் உயிர் விவகாரம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 327-ஆம் பிரிவு, கலங்களை அழிக்கவோ பத்திரமற்றதாக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு சேதப்படுத்துகிறவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அந்தக் கலம் மேல்தளம் உடையதாகவோ, 20 டன் அல்லது அதற்கு மேல் சுமக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். மேல்தளமே இல்லாத மூங்கில் பரிசல் அந்தக் கணக்கில் வராது. அதற்குப் பொதுவான சொத்துச் சேதத்துக்கான 324-ஆம் பிரிவுதான். அதில் நட்டத்தின் பண மதிப்பை வைத்துத் தண்டனை கூடும், குறையும். எளியவரின் பொருளுக்குப் பண மதிப்பு எப்போதும் குறைவாகத்தான் வரும். பயணிகளை ஏற்றும் சிறு கலங்கள் எவையானாலும், அவற்றை வேண்டுமென்றே பழுதாக்குவதைத் தனிக் குற்றமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, பூட்டிவிட்டால் போகிறது என்று சொல்லத் தோன்றும். நான்கைந்து பரிசல்களை ஒன்றாகச் சேர்த்து, விளிம்பு மூங்கிலுக்குள் சங்கிலி விட்டு, மரத்தோடு பூட்டலாம். ஒன்றை மட்டும் இழுத்துப்போக நினைப்பவரை அது நிச்சயமாகத் தடுக்கும். சிக்கல் என்னவென்றால், காவிரிக் கரையில் மனிதனுக்குப் போடும் பூட்டை ஆறும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

கோடையில் ஒகேனக்கல்லுக்கு வரும் நீர் ஆயிரம் கன அடிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு கன அடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். அதே ஆற்றில் 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில் நீர்வரத்து 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கு நம் ஊரில் ஒரு தூறல்கூட விழ வேண்டியதில்லை. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, அங்கே மதகு திறந்தால் போதும். வானம் நட்சத்திரங்களோடு தெளிவாக இருக்கும் இரவில்கூட இங்கே தண்ணீர் ஏறும். கரையில் கவிழ்ந்து கிடக்கும் பரிசலுக்குள் காற்று அடைபட்டிருப்பதால், தண்ணீர் வந்து தொட்டதும் அது மிதக்கத் தொடங்கிவிடும். கட்டாவிட்டால் ஆற்றோடு போகும். பூட்டியிருந்தால், அவிழ்க்கச் சாவி தேடுவதற்குள் பாறையில் மோதி உடையும்.

கட்டாமலும் இருக்க முடியாது, அவிழ்க்க முடியாதபடி கட்டவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் துறையின் அனுபவம் இருக்கிறது. பரிசலைப் பழைய வெள்ளத் தடத்துக்கும் மேலே தூக்கி வைப்பது முதல் காரியம். பாறையில் படிந்த வண்டல் கோடும், மரக்கிளையில் சிக்கிய சருகும் அந்தத் தடத்தைக் காட்டிவிடும். பரிசலின் பெரிய வரமே அதன் எடைக் குறைவு. ஒருவரே தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மேடேற முடியும். வேல்ஸ் நாட்டின் தைவி ஆற்று மீனவர்கள் தங்கள் சிறு பரிசலை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்து போகும் வழக்கம் உண்டு. வியட்நாமில் ஹோய் ஆன் பக்கத்துக் கடற்கரைகளில் மூங்கில் கூடைப் படகுகளை அலை தொடாத மேட்டில் ஏற்றி வைக்கிறார்கள். இரவில் தண்ணீரில் விடாமல் இருப்பதே இந்த வகைக் கலத்துக்கு உலகம் முழுவதும் கண்ட காவல்.

துடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். துடுப்பு இல்லாத பரிசலில் விளையாட நினைப்பவர்களில் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். உயிர்காப்பு உடைகளையும் கரையில் விட்டுவைக்கக் கூடாது. ஒரு கிழிந்த பட்டை போதும், அதை அணிந்தும் பயனில்லாமல் போக. சங்கிலி போட்டால் ஒரே சாவியை ஒருவர் மடியில் முடிந்துகொள்ளாமல், கரைக்கு அருகில் குடியிருக்கும் இன்னொருவரிடமும் ஒரு சாவி இருக்க வேண்டும். விடிந்ததும் சவாரிக்கு முன் பரிசலைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்பக்கமாகப் பார்த்தால், துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். பிறகு முழங்கால் ஆழத்தில் சற்று நேரம் மிதக்கவிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

நாகமரை, ஒட்டனூர் போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தைக் கடந்து அக்கரைக்குப் போவது சுற்றுலா அல்ல, அன்றாடப் போக்குவரத்து. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் கரையே பல நூறு அடி தள்ளிப் போகும். நீர் மிகவும் வற்றும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கரையில் நேற்று அடித்த முளை இன்று தண்ணீருக்குள் இருக்கும். குட்டைக் கயிற்றில் கட்டிய படகை, ஏறும் நீர் அந்த முளையோடு சேர்த்து இழுத்துச் சாய்த்துவிடும். கயிற்றில் தாராளமாக நீளம் விட வேண்டும். தண்ணீர் ஏறிவரும் நாட்களில் இரவில் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும்.

வந்து பார்ப்பதும் சொல்லும் அளவுக்கு எளிதில்லை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியே காட்டு வழிதான். யானைகள் சாலையைக் கடக்கும் இடங்கள் அதில் உண்டு. இரவில் அவை தண்ணீருக்கு இறங்கும். ஆற்றில் முதலைகளும் இருக்கின்றன. பகலெல்லாம் துடுப்புப் போட்டுத் தோள் நொந்தவர், இத்தனைக்கும் நடுவில் கரையில் படுத்துத் தன் பரிசலைக் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

ஆகையால் மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வெள்ள மட்டத்துக்கு மேலே பரிசல்களை அடுக்க ஒரு மேடை, அதன்மேல் நல்ல விளக்கு, பரிசல் ஓட்டிகள் முறைபோட்டுத் தங்க ஒரு பாதுகாப்பான கொட்டகை. இவை பெரிய செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீர்வரத்து சட்டென்று ஏறினால், நள்ளிரவானாலும் அந்தச் செய்தி ஒவ்வொரு பரிசல் ஓட்டியின் கைபேசிக்கும் போய்ச் சேர வேண்டும். காவிரிப் பங்கீட்டுக்காக இவ்வளவு நுணுக்கமாக அளக்கப்படும் அதே நீர், கரையில் இருப்பவருக்கும் நேரத்தோடு சொல்லப்பட வேண்டாமா? தடை உத்தரவு நீடிக்கும் நாட்களில் இந்தக் காவல் இன்னும் அவசியம். சவாரி இல்லாமல் கரை வெறிச்சோடிக் கிடக்கும். பரிசல்களும் நாள் கணக்கில் பார்ப்பாரற்றுக் கிடக்கும்.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறைச் சாவியைக் கொடுக்கும்போதே, இருட்டிய பிறகு ஆற்றுக்கு இறங்க வேண்டாம், பரிசல்களைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் விருந்தினரின் உயிருக்கும் அதுதான் நல்லது. பரிசல் நிற்கும் ஊரில்தான் உங்கள் அறையும் நிரம்பும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடிப் பதினெட்டு நெருங்கியிருக்கும். குடும்பத்தோடு ஒகேனக்கல் போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். கரையில் கவிழ்ந்து கிடக்கும் பரிசலின்மேல் குழந்தைகளை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். அதன்மேல் கல் எறிந்து சத்தம் கேட்கும் சிறுவர்களை, உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும், கூப்பிட்டுச் சொல்லுங்கள். கண்ணாடிப் பாட்டிலை ஆற்றுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். காலையில் பரிசல்காரர் சவாரிக்கு முன் தன் பரிசலைத் தூக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், நேரமாகிறது என்று அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அவர் பார்ப்பது உங்களுக்காகத்தான்.

பரிசலோ வள்ளமோ தோணியோ, உங்கள் ஊர்த் துறையில் இரவில் கலங்களை எப்படிக் காக்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். முடிச்சு போடும் முறை, முறைக்காவல் வழக்கம், வெள்ளம் வருமுன் செய்தி சொல்லும் ஏற்பாடு என எதுவானாலும் சரி. வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம். பரிசல் ஓட்டும் அன்பர்களே நேரில் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்