சோறு குறையட்டும், பருப்பு கூடட்டும்

இந்தியாவில் நீரிழிவு எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று மாநிலவாரியாக அளந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு அபாயம் அதிகம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. பாகூரிலோ வில்லியனூரிலோ 53 வயது என்பது மகளின் கல்யாணக் கடன் முடியாத வயது.

இதயநோய் என்றதும் இப்போது மருத்துவர்கள் ‘மெடிட்டரேனியன் உணவுமுறை’ என்கிறார்கள். கடைகளில் ஆலிவ் எண்ணெய் பாட்டில்கள் அடுக்கப்படுகின்றன. அந்த உணவுமுறையின் கதையை முழுதாகப் பார்த்தால், பாட்டில் மட்டுமே அந்த உணவுமுறை அல்ல என்பது புரியும். 1958-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், இதயநோய் மிகக் குறைவாக இருந்த இடங்களில் ஒன்று கிரீட் தீவின் கிராமங்கள். அங்கிருந்தவர்கள் பணக்காரர்கள் அல்லர். உடல் வளைத்து உழைத்த உழவர்கள். கீரையும் பயறும் பழமும் தினமும்; மீன் அவ்வப்போது; இறைச்சி அரிதாக. பிரான்ஸின் லியோன் நகரில், ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை இப்படிச் சாப்பிட வைத்தபோது மறு மாரடைப்பு பாதிக்கும் கீழே போனது. ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அதன் செய்முறையில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2018-ல் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

இந்தியாவிலும் இதைச் சோதித்ததாக 2002-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் தரவுகள் மீது எழுந்த ஐயத்தை 2005-ல் அதே இதழ் பகிரங்கமாக வெளியிட்டது. அதை வைத்து நாம் எதையும் கட்ட முடியாது. டெல்லி, பெங்களூரு மருத்துவமனைகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு நமக்கு நெருக்கமானது. வாரத்துக்கு மூன்று நான்கு முறை கீரை உண்டவர்களுக்கு, கீரையை ஏறக்குறைய தொடாதவர்களைவிட இதயநோய் அபாயம் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. காரண காரியத்தை அது நிரூபித்துவிடவில்லை என்றாலும், கைக்காசு அதிகம் கேட்காத வழியைக் காட்டுகிறது.

நம் கொம்யூன்களில் என்ன இல்லை? பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. உளுந்தும் மல்லாட்டையும் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. முருங்கை இல்லாத கொல்லை அபூர்வம். நரம்பையிலும் பனித்திட்டிலும் கரையேறும் கவலையும் நெத்திலியும், மருத்துவர்கள் போற்றும் ஒமேகா-3 கொழுப்பு உள்ள மீன்கள், விலையும் குறைவு. வரிசையாக எழுதிப் பார்த்தால் கிரீட் உழவரின் உணவுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

தூரம் அளவில் இருக்கிறது. காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, இரவு மறுபடி சோறு அல்லது தோசை. பருப்பு சாம்பாரில் நீர்த்துப்போகிறது. கீரை வாரத்துக்கு ஒரு கரண்டி. மீன் எண்ணெயில் பொரிகிறது, இல்லையென்றால் உப்பேறிய கருவாடாகிறது. ஐசிஎம்ஆரின் 2025 ஆய்வின்படி இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. தீட்டிய அரிசியின் மிகுதி இரத்தத்தில் டிரைகிளிசரைடை ஏற்றுகிறது, நல்ல கொழுப்பைக் குறைக்கிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆளே இறங்கிய காலத்தில் உடம்பு அதை எரித்தது. இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. பிள்ளைகள் சேதராப்பட்டு கம்பெனிக்கு பைக்கில் போகிறார்கள். தட்டில் சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவு. அரிசிக்குப் பதில் கேழ்வரகு என்று மாறினால் போதும் என்பதும் பாதி உண்மைதான். மொத்த மாவுச்சத்து குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றுவதில் நீரிழிவு அபாயம் குறைந்ததாக அதே ஆய்வில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பயறோ பால்பொருளோ தரும் புரதமாக மாற்றினால்தான் குறைகிறது.

வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சாப்பிட உட்காரும் அவர்களுக்கு மீன் துண்டும் பொரியலும் மிஞ்சுவதில்லை. சோறும் ரசமும் மிஞ்சும். சர்க்கரை அவர்களை விட்டுவைக்காததில் என்ன வியப்பு? ஓர் எச்சரிக்கையும் உண்டு: மெடிட்டரேனியன் உணவில் ஒயின் உண்டு என்ற பேச்சை, தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள புதுச்சேரியில் யாரும் பரப்பக் கூடாது. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

‘பருப்பு விற்கிற விலையில்’ என்று கூலிக்காரக் குடும்பம் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ரேஷனில் அரிசியா, அரிசிக்குப் பதில் பணமா என்பதே இங்கு ஆண்டுக்கணக்கில் நடந்த அரசியல் சண்டை. அரிசியோடு பருப்பு என்ற கோரிக்கை அந்தச் சண்டையில் அமுங்கிப்போனது. பின்லாந்தின் வடக்கு கரேலியாவில் 1972-ல் இதயநோய்க்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கியபோது, கிராமப் பெண்கள் சங்கங்கள் சமையலை மாற்றின, உணவு நிறுவனங்கள் உப்பையும் கொழுப்பையும் குறைத்தன, அரசு கூட நின்றது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. தனிமனித அறிவுரையால் மட்டும் நடந்ததல்ல அது.

1930-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிய மண் இது. சிவப்பு அட்டைக்கும் மஞ்சள் அட்டைக்கும் அரிசியைக் கொஞ்சம் குறைத்தாவது மாதம் இரண்டு கிலோ துவரையும் பயறும் கொடுங்கள். பள்ளித் தட்டில் கீரையும் சுண்டலும் தினமும் இருக்கட்டும். புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன்களின் மகளிர் குழுக்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் இந்த வேலையில் இணையுங்கள். புதுச்சேரி அரசு அடுத்த பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.